ஏழாம் கட்டிலில் உட்கார்ந்தவர்

சட்டைக்குக் காஜா எடுப்பது என் தொழில். துணியில் அளவாக ஓட்டை போட்டு, விளிம்பு பிரியாமல் நூலால் சுற்றிக் கட்டி, பொத்தான் போய்வர வழி செய்து கொடுக்க வேண்டும். கை ஓடுகிற நாளில் இருநூறு ஓட்டை எடுப்பேன். அப்படிப்பட்டவளின் உடம்புக்குள்ளேயே ஒரு ஓட்டை விழுந்து, ஆறு வருஷமாக அதை யாராலும் மூட முடியவில்லை என்றால், மேலே இருப்பவனுக்கு என்னைவிடக் கிண்டல் அதிகம் என்றுதான் சொல்ல வேண்டும்.

மூன்று நாள் வலி. குழந்தையின் தலை பாதி வழியில் சிக்கி, வரவும் மாட்டாமல் போகவும் மாட்டாமல் அங்கேயே நின்றுவிட்டது. கடைசியில் எடுத்தபோது குழந்தைக்கு உயிர் இல்லை. பெண் குழந்தை, நிறைய முடி. அவள் தலை மூன்று நாள் அழுத்திய இடத்தில் சதை செத்துப்போய், மூத்திரப் பைக்கும் பிள்ளை வரும் வழிக்கும் நடுவே திறந்துகொண்டது. டாக்டர்கள் அதற்கு ஃபிஸ்டுலா என்று நாகரிகமாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். எனக்கு அது ஓட்டை. ராத்திரி பகல் பாராமல் சொட்டிக்கொண்டே இருக்கும். நான் அழுதாலும் சிரித்தாலும், காஜா எடுத்தாலும் சும்மா இருந்தாலும் அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவ்வளவு பொறுப்பான வேலைக்காரியை எந்தத் தையல் கடையிலும் பார்த்ததில்லை.

என் வீட்டுக்காரர் என்னைத் துரத்தவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தெருவில் எல்லோரும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். "தங்கமான மனுஷன், வேற ஒருத்தனா இருந்தா என்னைக்கோ அனுப்பியிருப்பான்" என்பார்கள், எனக்குக் காது கேட்கும் தூரத்தில் நின்றுகொண்டே. அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். உட்கார்ந்து சம்பாதிக்கிற தொழில். என் கட்டிலைத் துணி துவைக்கும் இடத்தை ஒட்டிய பின்னறைக்கு மாற்றினார். சாப்பாட்டு நேரத்தில் அவர் முன்னறை, நான் பின்னறை. ஆஸ்பத்திரிக்கு வேனில் போவதென்றால் கடைசி சீட், அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பு. எல்லாமே நியாயம்தான். ஒரு சண்டை கிடையாது, ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. நான் எழுந்த இடத்தில் தெரியாமல் உட்கார்ந்துவிட்டால் மட்டும் தேள் கொட்டியதுபோல் துள்ளி எழுவார். கை தானாகப் பின்னால் போய் பேன்ட்டைத் தடவிப் பார்க்கும். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் வெளியே போய்விடுவார். அவர் திட்டியிருந்தால்கூட பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அந்தத் துள்ளலுக்கு என்ன பதில் சொல்வது?

இது மூன்றாவது ஆபரேஷன். முதலாவதில் ஐந்தாம் நாள் என் விரிப்பை நானே அலசப்போய், வாளியைத் தூக்கி, மூத்திரத்துக்குப் போட்டிருந்த குழாய் நழுவி எல்லாம் வீணானது. மற்றவர்கள் கையில் அந்தத் துணியைக் கொடுக்க வெட்கம். இரண்டாவது தடவை தண்ணீர் குடிக்கவில்லை. குடிக்காமல் இருப்பது நான் வருஷக்கணக்கில் கற்றுக்கொண்ட வித்தை. ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டுமென்றால் முதல் நாளே வாயைக் கட்டிவிடுவேன். ஆபரேஷனுக்குப் பிறகு, குழாய் அடைக்காமல் இருக்க "குடி, குடி" என்றார்கள். நானும் "ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் வழியே ஊற்றினேன். அந்த ஜன்னலுக்குக் கீழே இருந்த செடி நன்றாக வளர்ந்தது. நான் நனைந்தபடியே வீட்டுக்குப் போனேன்.

மூன்றாவது முறை ஆபரேஷன் செய்த டாக்டரம்மா பூசி மெழுகாமல் பேசினார்.

"ரெண்டு தடவை தைச்ச இடம்மா இது. சதை மெலிஞ்சு கிடக்கு. இந்தத் தையல் பிரிஞ்சா, அப்புறம் தைக்கறதுக்கு அங்க ஒண்ணும் மிச்சம் இருக்காது."

எனக்கு விளக்கவே தேவையில்லை. ஒரே இடத்தில் மூன்று தடவை காஜா பிரித்துப் போட்ட துணி எப்படி இருக்கும் என்று என் விரலுக்குத் தெரியும். ஊசி குத்தினால் நூலோடு துணியும் கையோடு வந்துவிடும்.

வார்டில் எனக்கு ஏழாம் கட்டில். சிஸ்டர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். "ஏழு, தண்ணி குடிச்சியா?" "பத்து, காலை நீட்டு." கட்டிலுக்குக் கட்டில் ஒரு பெரிய ஜாடி. மூத்திரப் பையிலிருந்து ஒரு குழாய் வெளியே வந்து, தொடையைத் தாண்டி, கட்டில் ஓரமாக இறங்கி, கீழே தொங்கும் பைக்குள் சொட்டும். பதினான்கு நாள் அது சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

"சொட்டுதுன்னா உள்ள காலியா இருக்குன்னு அர்த்தம். காலியா இருந்தாத்தான் தையலுக்கு ஓய்வு. குழாய் அடைச்சா உள்ள ரொம்பி, தையலைப் பிடிச்சு இழுக்கும். சொட்டறது நின்னா அந்த நிமிஷமே என்னைக் கூப்பிடணும். வீட்ல யார் செத்தாலும் சரி, யாருக்குக் கல்யாணம் ஆனாலும் சரி, முதல்ல என்னைக் கூப்பிட்டுட்டு அப்புறம் மத்ததைப் பாருங்க" என்று சிஸ்டர் முதல் நாளே முழங்கிவிட்டார். சுவரில் ஒரு பலகை வேறு: பார்வையாளர்கள் கட்டிலில் உட்காரக் கூடாது.

பக்கத்துக் கட்டில், எட்டு, ஒரு செங்கல் சூளைக்காரி. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அவளுக்கு ஐந்து நாள் வலி. ஓட்டையோடு பன்னிரண்டு வருஷம் செங்கல் சுமந்திருக்கிறாள். பார்க்க யாரும் வருவதில்லை. சிஸ்டர் ஒரு ஜாடி குடிக்கச் சொன்னால் ஒன்றரை ஜாடி குடிப்பாள்.

"அக்கா, வயிறு வெடிச்சிடப் போகுது" என்றால், "சும்மா கிடைக்கற தண்ணியம்மா, விடுவேனா?" என்பாள்.

இந்த இரண்டு கட்டிலுக்கும் நடுவே ஒரே ஒரு இரும்பு ஸ்டூல் உண்டு. பார்க்க வருகிறவர்களுக்காகப் போட்டது. ஆனால் அதில் பார்க்க வந்தவர்கள் யாரும் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. அது நிரந்தரமாகப் படிவக்காரப் பெண்ணுக்குச் சொந்தமாகிவிட்டது.

படிவக்காரப் பெண் மருத்துவம் படித்து முடித்துவிட்டு, அதற்கு மேலும் ஏதோ படித்துக்கொண்டிருந்தாள். எங்களில் சிலருக்கு ஏன் குணமாகிறது, சிலருக்கு ஏன் ஆவதில்லை என்று கண்டுபிடிப்பதுதான் அவள் படிப்பு. ஃபைல் அட்டையில் 'குணமாவதைப் பாதிக்கும் காரணிகள்' என்று எழுதியிருந்தது. எண்பத்தாறு கேள்வி. நல்ல பெண். சிரித்த முகம். ஆனால் காகிதத்தில் இல்லாத எதையும் கேட்க அவளுக்கு வாய் வராது.

உயரம் கேட்டாள். சொன்னேன். செருப்பு அளவு கேட்டாள்.

"செருப்புக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"சின்னப் பாதம்னா இடுப்பெலும்பும் சின்னதா இருக்கலாம்க்கா. பிள்ளை சிக்கிக்கும்."

"ஆறு வருஷம் முன்னாடி யாராவது என் செருப்பைப் பார்த்திருக்கலாம்" என்றேன். அவள் அதை எழுதவில்லை.

நாற்பத்தோராவது கேள்வி, கணவரின் ஆதரவு.

"வீட்டுக்காரர் உங்களை விட்டுப் போயிட்டாராக்கா?"

"இல்ல."

"வேற கல்யாணம் ஏதும்?"

"இல்ல."

"சேர்ந்துதானே இருக்கீங்க?"

"ஒரே கூரைதான்."

"அடிப்பாரா?"

"அடிக்கணும்னா தொடணுமே."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. 'மிக அதிகம்' என்ற கட்டத்தில் அழுத்தமாக ஒரு டிக் போட்டாள். இந்த வார்டிலேயே 'மிக அதிகம்' வாங்கியது நான் ஒருத்திதானாம். மற்றவர்களின் வீட்டுக்காரர்கள் ஓடிப்போனவர்கள், மறந்துபோனவர்கள், இன்னொரு வீடு பார்த்தவர்கள். எண்ணிக்கையைக் கேட்டதும் எனக்கே ஒரு கணம் பெருமையாக இருந்தது. பிறகு வெட்கமாக இருந்தது.

அவர் நான்காம் நாள் ஒரு தடவை வந்து, வார்டு வாசலிலேயே பழப் பையை சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு, தூரத்திலிருந்து எனக்குத் தலையசைத்துவிட்டுப் போயிருந்தார். வார்டில் அடிக்கிற வாடைக்கு அதுவே பெரிய தைரியம். ஆனால் படிவத்தில் கணவருக்கென்று தனியாகப் பன்னிரண்டு கேள்வி இருந்தது. படிவக்காரப் பெண் அவருக்குப் போன் செய்துவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டால் ஏதோ கையெழுத்துப் போட வேண்டும்போல என்று நினைத்து, ஒன்பதாம் நாள், பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாரம் விடுமுறை தொடங்கிய அன்று, நாலு மணிக்குத் தலையை வாரிக்கொண்டு, பழப் பையோடு வந்து நின்றார்.

ஸ்டூலில் அவள். மடியில் ஃபைல். அவர் நின்றுகொண்டே பதில் சொன்னார். மூன்று கேள்விவரை தாக்குப்பிடித்தார். நான்காவது கேள்வி கொஞ்சம் நீளம். அவள் படித்துக்கொண்டிருக்கும்போதே, வண்டியில் ஏறுகிறவரைப் போல, யோசனையே இல்லாமல், என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

விரிப்பைத் தடவிப் பார்க்கவில்லை. குனிந்துகூடப் பார்க்கவில்லை. அப்படியே உட்கார்ந்தார். அவர் முதுகு என் முழங்காலில் பட்டது. ஆறு வருஷம் முழுதாக முடிந்து ஏழாவது நடந்துகொண்டிருந்தது. அதற்குள் ஒரு மனுஷன் என் பக்கத்தில் தானாக வந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

சிஸ்டர் தன் மேஜையிலிருந்து பார்த்தார். பார்த்துவிட்டு, ஏதோ பஞ்சை எண்ணுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டார். பலகையில் எழுதியிருந்தது அவருக்குத் தெரியாததா? "அந்தாளு உட்கார்ந்ததைப் பார்த்ததும் எனக்கே கண்ணு கலங்கிடுச்சு, அதான் வாயை மூடிக்கிட்டேன்" என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார்.

"மனைவி குணமாவதற்கு நீங்கள் எந்த வகையில் உதவுகிறீர்கள்?" என்று படிவக்காரப் பெண் வாசித்தாள்.

"நம்மால முடிஞ்சதைச் செய்யறதுதான்" என்றார் என் வீட்டுக்காரர், பேட்டி கொடுக்கும் பெரிய மனுஷன்போல. அதைச் சொல்லும்போது கொஞ்சம் வசதியாகப் பின்னால் சாய்ந்தார். அந்தச் சாய்வில்தான் குழாய் அவர் தொடைக்கு அடியில் போனது.

நான் பார்த்தேன். கீழே பையில் சொட்டு நின்றது. சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு இருபது.

'சொல்லு' என்றது மனசு. சொன்னால் என்ன ஆகும் என்றும் அதுவே சொன்னது. துள்ளி எழுவார். கை பின்னால் போகும். இந்தப் பதினாறு கட்டிலும் பார்க்கும். பிறகு இந்த ஜன்மத்தில் என் பக்கத்தில் உட்கார மாட்டார். சரி, அந்தக் கேள்விகள் முடியட்டும், தானாக எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். அன்று மட்டும் பார்த்து அரை மணிக்குள் நான்கு தம்ளர் தண்ணீர் குடித்து வைத்திருந்தேன். நல்ல நோயாளி அல்லவா.

கேள்விகள் முடிந்தன. அவர் எழவில்லை. அவள்தான், "நீங்க பேசிக்கிட்டிருங்கண்ணா, நான் இதை நிரப்பிடறேன்" என்று ஸ்டூலிலேயே உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள்.

கொஞ்ச நேரம் அவர் ஜன்னலைப் பார்த்தார். வேனில் தினமும் ஒரு பையன் வாந்தி எடுப்பதைப் பற்றிச் சொன்னார். புது டயர் பற்றிச் சொன்னார். பிறகு என்னைப் பார்க்காமல், தன் முழங்காலைப் பார்த்தபடி, "சாயந்தரம் வீட்டுக்குள்ள நுழையறப்போ பின்னாடி ரூம்ல லைட்டு இருக்காதா, ஒரு மாதிரி இருக்கு" என்றார்.

ஒரு வேன் டிரைவரிடம் இதற்கு மேல் என்ன காதல் வசனம் எதிர்பார்க்க முடியும்? என் கண் நிரம்பியது. வயிறும் நிரம்பிக்கொண்டிருந்தது.

நாலு முப்பதுக்கு அடிவயிறு கல்லாகிவிட்டது. உள்ளே, தையல் இருக்கும் இடத்தில், யாரோ நூலின் இரண்டு முனையையும் பிடித்து மெதுவாக இழுப்பதுபோல் இருந்தது. நெற்றியில் வியர்வை அரும்பியது. படிவக்காரப் பெண் நிமிர்ந்து, என் வியர்வையையும் கண்ணீரையும் பார்த்து, தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு, ஓரத்தில் ஏதோ எழுதினாள். 'கணவர் வருகையால் நோயாளி நெகிழ்ச்சி' என்று எழுதியதாகப் பின்னால் தெரிந்தது.

இன்னும் ஐந்தே நிமிஷம் என்று எனக்கு நானே பேரம் பேசினேன். அந்த ஐந்து முடிந்ததும் இன்னொரு ஐந்து. ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அந்த நேரத்தில், தையல் போனால் போகட்டும், இவர் இப்படியே உட்கார்ந்திருந்தால் போதும் என்றுகூடத் தோன்றியது. ஆறு வருஷம் இந்த ஒரு ஆபரேஷனுக்காகத் தவம் கிடந்தவள், அதை ஒரு மனுஷன் பக்கத்தில் உட்காருவதற்காகத் தூக்கிக் கொடுக்கத் தயாராகக் கிடந்தேன். மானம் கெட்டவள் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். ஆனாலும் வாய் திறக்கவில்லை.

கடிகாரம் நாலு நாற்பத்தைந்தைத் தொட்டபோது தொடையின் உள்பக்கம் சூடாக ஒரு ஈரம் தெரிந்தது. ஒரு சொட்டோ, இரண்டோ. அந்தச் சூடு எனக்குப் பழக்கமானது. அதை ஆறு வருஷமாக எனக்குத் தெரியும். அது திரும்பி வந்து, என்னைத் தெரிகிறதா என்று கேட்டதுபோல் இருந்தது.

"எழுந்திருங்க" என்றேன்.

"என்ன?"

"எழுந்திருங்க. என் குழாய் மேல உட்கார்ந்திருக்கீங்க."

துள்ளி எழுந்தார். நான் நினைத்தது நினைத்தபடி நடந்தது. கை பின்னால் போனது. பேன்ட்டைத் தடவியது. பிறகு உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். காய்ந்திருந்தது. அப்போதுதான் நிமிர்ந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. இத்தனை வருஷமும் அவர் அதை நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாரோ என்னவோ.

"பயப்படாதீங்க ஐயா, பேன்ட் காஞ்சுதான் இருக்கு!" என்று எட்டாம் கட்டிலிலிருந்து குரல் வந்தது. வார்டே சிரித்தது. அவர் பழப் பையைக்கூட விட்டுவிட்டு நடையைக் கட்டினார்.

குழாயில் அடைபட்டது எல்லாம் ஒரேயடியாகப் பைக்குள் இறங்கியது. சிஸ்டர் ஓடி வந்து, குழாயில் மருந்துத் தண்ணீர் விட்டுப் பார்த்து, பையை அளந்து, என்னைப் பிடித்துக்கொண்டார்.

"எவ்வளவு நேரமா நின்னிருந்துச்சு?"

"இருபத்தஞ்சு நிமிஷம்."

"தெரிஞ்சேவா இருந்தே?"

"தெரிஞ்சேதான் சிஸ்டர்."

"பைத்தியமா உனக்கு?"

"ஆமா சிஸ்டர்."

அவருக்குத் திட்டு வரவில்லை. என் கட்டில் ஓரத்திலேயே உட்காரப் போனவர், பலகை ஞாபகம் வந்து நின்றுகொண்டார். "ரெண்டு சொட்டு ஓரத்துல கசிஞ்சிருக்கு. தையல் வழியாவா, குழாய் ஓரமாவான்னு இப்ப சொல்ல முடியாது. பதினாலாம் நாள்தான் தெரியும்" என்றார். பிறகு கோபத்தைக் காட்ட ஆள் தேடி, படிவக்காரப் பெண்ணின் பக்கம் திரும்பினார். "கேள்வி கேக்கறவங்க இனிமே நின்னுக்கிட்டே கேளுங்க. ஸ்டூல் பார்க்க வர்றவங்களுக்கு."

ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தப் பையையே பார்த்தேன். சொட்டுகிறதா, சொட்டுகிறது. தொடையில் ஈரமா, இல்லை. இல்லையா, வியர்வையா? விரிப்பை அரை மணிக்கு ஒரு முறை தடவிப் பார்த்தேன். நானும் அவரைப் போலவே ஆகிவிட்டேனே என்று சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மறுநாள் அவர் வர மாட்டார் என்று நினைத்திருந்தேன். வந்தார். ஸ்டூல் காலியாக இருந்தது. உட்காரவில்லை. கட்டிலின் கால்மாட்டில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெளியே நிறுத்திவைக்கப்பட்ட பள்ளிக்கூடப் பையனைப்போல் ஆறு மணிவரை நின்றார். "சாப்பிட்டியா?" என்று கேட்டார். "ம்" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. அதற்கடுத்த நாளும் அதேபோல் நின்றார். உட்கார்ந்தே சம்பாதிக்கிறவர் கால் மாற்றி மாற்றி நிற்பதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் உட்காருங்கள் என்று சொல்ல என் நாக்கு எழவில்லை.

பதினான்காம் நாள் காலை என்னையும் சூளைக்காரி அக்காவையும் சோதனை அறைக்குக் கூட்டிப்போனார்கள். சோதனை எளிது. குழாய் வழியாக நீல மருந்தை உள்ளே விடுவார்கள். பிள்ளை வரும் வழியில் மூன்று பஞ்சுத் துணி வைப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொன்றாக எடுப்பார்கள். வெள்ளையாக வந்தால் அடைந்துவிட்டது. நீலமாக வந்தால் ஓட்டை இருக்கிறது. படிவம் கிடிவம் எதுவும் தேவையில்லை.

முதல் துணி வெள்ளை. இரண்டாவதும் வெள்ளை. மூன்றாவதை எடுக்கும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். மனசுக்குள் அந்த இருபத்தைந்து நிமிஷமும் மறுபடி ஓடியது. சாமி பெயர் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"கண்ணைத் திறந்து பாரும்மா" என்றார் டாக்டரம்மா.

வெள்ளை.

நான் அழுத அழுகையில் நீல மருந்தெல்லாம் கண் வழியே வந்துவிடுமோ என்று டாக்டரம்மா பயந்திருப்பார். "தையல் அப்படி" என்று அவர் தன் உதவியாளரிடம் சொன்னது காதில் விழுந்தது. வார்டுக்கு வந்ததும் சிஸ்டர், "தண்ணி குடிக்க வெச்சது யாரு?" என்று மார் தட்டிக்கொண்டார். படிவக்காரப் பெண் நின்றுகொண்டே எண்பத்தாறாவது கேள்வியைக் கேட்டாள். "உங்க கருத்துப்படி, குணமானதுக்கு முக்கியமான காரணம் எதுக்கா?"

"எழுந்திருங்கன்னு சொன்னது."

அவள் கட்டங்களை மேலும் கீழும் தேடினாள். அப்படி ஒரு கட்டம் இல்லை. கடைசியில் 'கணவரின் ஆதரவு' என்பதில் டிக் போட்டாள். "அண்ணா தினமும் வந்து நிக்கறாரேக்கா, இந்த மாதிரி யார் வர்றாங்க?" என்றாள். அதுவும் நிஜம்தான்.

என் சந்தோஷம் மத்தியானம்வரைதான். சூளைக்காரி அக்காவுக்கு மூன்றாவது துணி நீலமாக வந்தது. சொன்ன தண்ணீரை எல்லாம் குடித்தவள். ஒரு நாள்கூடக் குழாய் மடங்கவில்லை. சிஸ்டர் சொன்ன எல்லாவற்றையும் எழுத்துப் பிசகாமல் கேட்டவள். படிவத்தில் அவளுக்குக் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதினார்கள்.

அவள் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். கையைப் பிடித்துக்கொண்டேன். நான் செய்த கூத்துக்கு எனக்குத்தான் நீலம் வந்திருக்க வேண்டும்.

"பத்து பத்து ஜாடியா குடிச்சேன்" என்றாள் அவள். "என் குழாய் மேல உட்காரவும் ஒருத்தரும் வரல. அதுதான் குறையோ என்னமோ." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரித்து முடித்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். ஆறு மாசம் கழித்து இன்னொரு தடவை தைத்துப் பார்ப்பதாக டாக்டரம்மா அவளிடம் சொல்லியிருந்தார்.

நாலு மணிக்கு அவர் பழப் பையோடு வந்தார். வாசலிலேயே சிஸ்டர் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். நடையிலேயே தெரிந்தது. குழாய் இல்லாமல், பை இல்லாமல், காய்ந்த விரிப்பில் காலை நீட்டி நான் உட்கார்ந்திருந்தேன். வழக்கம்போல் கால்மாட்டில் வந்து நின்றார். கம்பியைப் பிடித்தார். விட்டார். மறுபடி பிடித்தார்.

"நல்லா ஆயிடுச்சாமே" என்றார்.

"ம்."

"அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தார். முடிக்கத் தெரியவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. பிறகு கட்டில் ஓரத்தைக் காட்டி, "உட்காரட்டுமா?" என்றார்.

கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் அனுமதி அதுதான். ஒன்பதாம் நாள் இதைக் கேட்டிருந்தால் உயிரையே கொடுத்திருப்பேன். கொடுக்கத்தான் போனேன். இப்போது அந்த ஓரம் காலியாகத்தான் இருந்தது. அவர் உட்கார்ந்தால் அடைபட அங்கே எதுவும் இல்லை. எனக்கும் அவர் உட்கார வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் காய்ந்துவிட்டேன் என்று தெரிந்த பிறகு உட்காருவதற்கு என்ன அவசரம்?

"கொஞ்ச நேரம் நில்லுங்க" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "எவ்வளவு நேரம்?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியல. பயப்படாதீங்க, ஆறு வருஷம் ஆகாது."

அவர் பழப் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றார்.